தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியுமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் 41 வயது கணித ஆசிரியை. 16 ஆண்டு அனுபவம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளிகள் வர ஆரம்பித்தன. இது யாருக்கும் தொற்றாது என்று தோல் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் ஆசிரியர் அறையில் தினமும் அவருடைய டப்பாவில் கைவைக்கும் தோழி அதை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் சாக்பீஸைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைக்கிறார். "என் பிள்ளை நோட்டை வேறு யாராவது திருத்தட்டுமே" என்று ஒரு பெற்றோர் வந்து சொன்னார். "உங்களுக்கே சங்கடமாக இருக்கும்" என்று சொல்லி, மாணவர் சேர்க்கையின்போது முன்மேசையில் உட்காரும் பொறுப்பிலிருந்து தலைமையாசிரியர் இவரை எடுத்துவிட்டார்.

இதெல்லாம் நடக்கும்போதுதான் அவருக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்திருக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய எட்டாம் வகுப்பில் படித்தவன். கைகளில் சொரியாசிஸ், அதுவும் தொற்றாத தோல் நோய்தான். பக்கத்தில் உட்கார்ந்த மாணவனின் அம்மா வந்து சத்தம் போட, இவர் அந்தப் பையனை ஜன்னலோரம் தனி பெஞ்சுக்கு மாற்றினார். "அங்கே காற்று நன்றாக வரும்" என்று அவனிடம் சொன்னார். ஆண்டு முழுவதும் அவன் அங்கேயே தனியாக உட்கார்ந்திருந்தான். "ஒருநாளும் முறையிட்டதில்லை. அதனால் அப்போது எனக்கு உறுத்தவும் இல்லை" என்று எழுதுகிறார்.

இப்போது அவர் கேட்பது மூன்று. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரிப்பன் கட்டி ஒருநாள் முழுக்க ஒதுக்கிவைத்து, மறுநாள் மாற்றிச் செய்தால் பிள்ளைகளுக்கும் தன்னைப் போலவே புரியும் என்று நினைக்கிறார், செய்யலாமா? அந்தப் பையனைச் சமூக ஊடகத்தில் கண்டுபிடித்துவிட்டார், நீளமான மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார், அனுப்பலாமா? மூன்றாவதைக் கேள்வியாகவே கேட்கவில்லை, போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறார்: "பள்ளியில் எனக்கு நடப்பதைப் பற்றி யாரிடமும் பேசப் போவதில்லை. அந்தப் பையனுக்குச் செய்த பாவத்துக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது எவ்வளவு உண்மை!"

அன்புள்ள சகோதரி,

நான் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன்.

வெண்புள்ளி தண்டனை இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினை உருவாக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தாக்கி அழிப்பதால் வருவது அது. உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர்கள் எல்லோரும் எந்தப் பையனை எந்த ஜன்னலோரத்தில் உட்கார வைத்தார்கள்? படித்தவர்களிடமே இந்தத் தண்டனைக் கணக்கு ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். 'வெண்குஷ்டம்' என்ற பழைய சொல் வெண்புள்ளியைத் தொழுநோயோடு முடிச்சுப் போட்டுவிட்டது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. (தொழுநோயாளிகளை ஒதுக்குவதற்கும் எந்த நியாயமும் இல்லை. அது மருந்தால் குணமாகும், சிகிச்சை தொடங்கிய பிறகு மற்றவர்களுக்குப் பரவுவதும் இல்லை.) உங்களுக்கு நோய் என்ன என்று தெரியும். ஆனால் உங்கள் மனத்துக்குள் அந்தப் பழைய சொல்லே இன்னும் பேசுகிறது.

பாவக் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைமையாசிரியர் செய்வதை நீங்கள் பொறுத்துக்கொண்டால் அந்தப் பையனின் கடன் தீர்ந்துவிடுமா? அவனுக்கு அதில் ஒரு காசு போய்ச் சேராது. உங்கள் பள்ளியில் அடுத்து ஒருவருக்குத் தோலிலோ பேச்சிலோ நடையிலோ ஏதாவது வரும்போது, அவரை ஒதுக்க ஒரு முன்னுதாரணம் தயாராக இருக்கும். அவ்வளவுதான்.

வலி தானாகப் பாடம் நடத்துமா?

தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழியை நானும் பல காலம் நம்பியவன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தது. ராகிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் அழுதவன் இரண்டாம் ஆண்டில் என்ன செய்கிறான்? பல நேரம் அதையேதான் செய்கிறான். கேட்டால், "நாங்க படாததா?" என்பான். அவனுக்கு வந்தது அதே தலைவலிதான், ஆனால் வேறு பாடம் கற்றுக்கொண்டான்.

2015இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு இதைத் தொடர் சோதனைகளாகச் செய்து பார்த்தது. வேலையின்மை, பிறரால் துன்புறுத்தப்படுவது போன்ற ஒரு கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்கள், அதே கஷ்டத்தில் தாக்குப்பிடிக்க முடியாமல் சறுக்கியவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கஷ்டத்தைப் பார்த்தே இராதவர்களை விட இவர்களிடம்தான் இரக்கம் குறைவாக இருந்தது. வலி கடந்துபோன பிறகு அது எவ்வளவு வலித்தது என்பது மங்கிவிடுகிறது, 'நான் தாண்டினேனே' என்பது மட்டும் நிற்கிறது. ஆய்வாளர்களின் விளக்கம் ஏறத்தாழ இதுதான்.

உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. சாக்பீஸ் மேசைமேல் வைக்கப்பட்டபோது உங்களுக்கு நினைவுக்கு வந்தது உங்கள் வலி மட்டுமில்லை, ஜன்னலோரப் பையனும்தான். அந்தத் திரும்பிப் பார்த்தல் வெண்புள்ளி கொடுத்தது இல்லை, நீங்களாகச் செய்தது. இதை உங்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. வகுப்பில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முழுக்க இதைப் பொறுத்தது. பாடம் வலியில் இருந்தால், பிள்ளைகளுக்கு வலி கொடுக்க வேண்டும். பாடம் திரும்பிப் பார்ப்பதில் இருந்தால், அதற்குப் பழக்கினால் போதும்.

இன்னொன்று. "அவன் பட்டது இப்போது எனக்கு அப்படியே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே தெரியாது. நீங்கள் 40 வயதுக்கு அருகில், வேலையும் சம்பளமும் இருக்கும்போது, வகுப்பில் கரும்பலகைப் பக்கம் நின்றுகொண்டு இதை எதிர்கொள்கிறீர்கள். அவனுக்கு வயது 13. அவனை ஒதுக்கியது வகுப்பில் இருந்த ஒரே பெரியவர். 1959இல் ஒரு வெள்ளை அமெரிக்க எழுத்தாளர் மருந்து, விளக்கொளி எல்லாம் கொண்டு தன் தோலைக் கருப்பாக்கிக்கொண்டு, தென் மாநிலங்களில் கருப்பினத்தவராகச் சில வாரங்கள் சுற்றினார். துணிச்சலான காரியம்தான். ஆனால் அவர் வேண்டும்போது பழைய நிறத்துக்குத் திரும்பிப் போகலாம், அவர் சந்தித்த கருப்பின மக்களால் முடியாது. வெளியே போகும் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனின் சிறையும் தெரியாதவனின் சிறையும் ஒன்றா? உங்களுக்குத் தெரிந்தது அவனுடைய வலியின் ஓர் ஓரம். அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அவனிடமிருந்துதான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும், அதுவும் அவன் சொல்ல விரும்பினால்.

ரிப்பன் திட்டம்: வேண்டாம்

ரிப்பன் யோசனைக்கு முன்மாதிரியாக, வகுப்பை இப்படிப் பிரித்த ஓர் ஆசிரியையைக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் ஜேன் எலியட். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூர். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் எலியட் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறத்தார் உயர்ந்தவர்கள், அவர்களுக்குக் கூடுதல் இடைவேளை. மற்றவர்கள் குழாயில் நேரடியாகத் தண்ணீர் குடிக்கக் கூடாது, காகிதக் கோப்பைதான். பிறகு தலைகீழாக மாற்றினார். இதில் உங்களுக்கு மட்டும் உறைக்கக்கூடிய ஒரு விவரம் உண்டு: ஏன் அவர்கள் உயர்ந்தவர்கள் என்று பிள்ளைகளை நம்பவைக்க அவர் சொன்ன போலிக் காரணம், மெலனின்! அதற்கும் அறிவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார். உங்கள் விரல் நுனியில் இல்லாமல் போன அதே பொருள்.

சில மணி நேரத்துக்குள் 'உயர்ந்த' பிள்ளைகள் அதிகாரம் செய்ய ஆரம்பித்தார்கள், 'தாழ்ந்த' பிள்ளைகள் ஒடுங்கி, எளிய பாடத்திலும் தடுமாறினார்கள். 1970இல் அவர் இதையே வேறொரு மூன்றாம் வகுப்பில் செய்தபோது அது படமாக்கப்பட்டது. அந்த வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களாகி 1984இல் ஒன்றுகூடியபோது, அது தங்களை மாற்றியது என்றே சொன்னார்கள். இதை உங்களிடமிருந்து மறைக்கப் போவதில்லை. எலியட்டுக்கு ஊரில் கடும் எதிர்ப்பும் இருந்தது, 'குழந்தைகளை இப்படி வதைக்கலாமா' என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை என்பதும் உண்மை.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம், எட்டு வயதுப் பிள்ளையோ பதின்மூன்று வயதுப் பிள்ளையோ 'நான் இதில் இல்லை' என்று ஆசிரியரிடம் சொல்ல முடியாது. இன்று ஒரு பல்கலைக்கழகம் இதைச் சோதனையாகச் செய்ய வேண்டுமென்றால் பெற்றோரின் ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் அனுமதி எல்லாம் கேட்பார்கள். நீங்கள் யாரையும் கேட்காமல் திங்கட்கிழமை ரிப்பன் வாங்கப் போகிறீர்கள்!

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. உங்கள் வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்களில் சிலர் ஏற்கெனவே ஒதுக்கப்படுகிறவர்கள். திக்கிப் பேசுகிற ஒருத்தி, கிழிந்த பையோடு வருகிற ஒருவன், யாரும் குழுவில் சேர்க்காத ஒருத்தி. மற்றவர்களுக்கு இது ஒருநாள் விளையாட்டு. இவர்களுக்கோ தினமும் நடப்பதற்கு ஆசிரியர் முத்திரையும் குத்திவிட்ட மாதிரி ஆகும். அன்று மாலை ரிப்பனை அவிழ்த்துவிடலாம், மறுநாள் அவர்களுக்கு எதுவும் அவிழாது.

மூன்றாவது, இப்படிப்பட்ட பாவனைகள் நினைத்த பலனையே தருவதில்லை என்பதும் உண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் ஊனத்தை 'அனுபவித்துப் பார்க்கும்' பயிற்சிகளை 2017இல் ஓர் ஆய்வு அலசியது. பங்கேற்றவர்களுக்குப் பரிவு கூடியது, சரி. கூடவே தடுமாற்றமும் கையாலாகாத்தனமும் தனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயமும் கூடின. ஆனால் ஊனமுற்றவர்களோடு பழகுவது பற்றிய மனநிலை தேறவில்லை. 'ஐயோ பாவம்' வந்தது, 'வா, பக்கத்தில் உட்கார்' வரவில்லை. உங்கள் பையனுக்கு அன்று இல்லாமல் போனது இரண்டாவதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? 2016இல் வெளியான ஆய்வு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் மயாமியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், திருநர்கள் பற்றிச் சுமார் 10 நிமிடம் பேசினார்கள். சொற்பொழிவு எதுவும் இல்லை. 'நீங்கள் வித்தியாசமாக இருக்கிறீர்கள் என்பதற்காக யாராவது உங்களை மட்டமாக எடைபோட்டது உண்டா?' என்று கேட்டு, அந்த நினைவிலிருந்து அடுத்தவர் நிலைமைக்குப் போக வழி செய்தார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைந்தபடியே இருந்தது. இங்கே யாருக்கும் புதிதாக வலி கொடுக்கவில்லை. எல்லோரிடமும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது, அதைத் தொட்டுக் காட்டினார்கள்.

வகுப்பில் இதை இரண்டு துண்டுச் சீட்டில் செய்யலாம். முதல் சீட்டில், 'என்னை ஒதுக்கிய ஒரு நேரம்'. இரண்டாவதில், 'நான் ஒருவரை ஒதுக்கிய ஒரு நேரம்'. பெயர் வேண்டாம், சத்தமாக வாசிக்க வேண்டாம், எழுத விரும்பாதவர்கள் வெற்றுச் சீட்டே மடித்துப் போடலாம். முதல் சீட்டு நிரம்பி வழியும். இரண்டாவது சீட்டுகளில் பெரும்பாலானவை காலியாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 'ஒதுக்கப்பட்டவர்கள் இத்தனை பேர், ஒதுக்கியவர்கள் மட்டும் இல்லையா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு புரியும். நீங்கள் கணக்கு டீச்சர்தானே.

அதோடு நில்லாமல், உட்காரும் முறையையும் மாற்றுங்கள். 1971இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். வெவ்வேறு இனப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள், தினமும் சண்டை. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அடுத்தவன் தன் துண்டை விளக்கினால்தான் எனக்கு முழுப் பாடமும் கிடைக்கும். ஒதுக்கிவைத்தால் நட்டம் எனக்கு. ஒரு வடிவியல் நிரூபணத்தை நான்கு படியாக வெட்டி நான்கு பேரிடம் கொடுத்தால் உங்கள் வகுப்பிலும் இதே கதைதான். ஒருநாள் நாடகம் போல இது பரபரப்பாக இருக்காது, ஒரு பருவம் முழுக்கச் செய்ய வேண்டும்.

அந்தப் பையனுக்கு எழுதுவது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடலாம். 'அவன் முறையிட்டதில்லை.' சகோதரி, சாக்பீஸ் மேசைமேல் வைக்கப்பட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எழுதலாம் என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் எழுதி எனக்கும் அனுப்பியிருக்கும் அந்த நீளமான மன்னிப்புக் கடிதத்தை அவனுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். அதில் முக்கால்வாசி உங்களுக்கு வந்த வெண்புள்ளி பற்றி இருக்கிறது. படிப்பவன் என்ன செய்வான்? உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயம் அவன் தலையில் விழும். 13 வயதில் உங்கள் சங்கடத்தைச் சுமந்தான், 22 வயதில் உங்கள் குற்ற உணர்வையும் சுமக்க வேண்டுமா? முதல் கடிதத்தில் உங்கள் நோய் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

மன்னிப்புக் கேட்பதில் உள்ள ஆறு கூறுகளை 2016இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோமோ அவருக்கு மிக முக்கியமாகப் பட்டது 'தவறு என்னுடையது' என்று பொறுப்பேற்பது. அடுத்தது சரிசெய்ய முன்வருவது. கடைசி இடம், 'என்னை மன்னித்துவிடு' என்ற வேண்டுகோளுக்கு! உங்கள் கடிதத்தில் அந்த வேண்டுகோள் ஐந்து இடத்தில் வருகிறது. 'காற்று வரும் என்று சொன்னது பொய்' என்பது ஓரிடத்திலும் இல்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"எட்டாம் வகுப்பில் உனக்குக் கணக்கு எடுத்த டீச்சர் எழுதுகிறேன். அந்த ஆண்டு முழுக்க உன்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தேன். காற்றுக்காக என்று சொன்னது பொய். வேறொரு பெற்றோர் கேட்டார். மறுக்க வேண்டியவள் நான், மறுக்கவில்லை. அது என் தவறு. என் வகுப்பில் இனி யாரையும் அப்படி உட்கார வைக்க மாட்டேன். நீ பதில் எழுத வேண்டியதில்லை. என்றைக்காவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால், கேட்கத் தயாராக இருக்கிறேன்."

'நீ' என்றே எழுதுங்கள். திடீரென்று 'நீங்கள்' என்றால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். தனிச் செய்தியாக அனுப்புங்கள், அவன் படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி வேண்டாம், அவன் நண்பர்கள் மூலம் தூது வேண்டாம். அவன் அதை மறந்திருக்கலாம், மறக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். கோபமாகப் பதில் வந்தால் அன்றைக்கே விளக்கம் எழுத உட்காராதீர்கள். பதிலே வராவிட்டால் இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள்.

பள்ளியில் உங்கள் இடம்

தோழியின் டப்பா விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். ஒருநாள் நேராகக் கேட்டுவிடுங்கள், பயந்துபோய் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது அந்த நட்பின் ஆழம் அவ்வளவுதானாக இருக்கலாம். தலைமையாசிரியர் செய்தது வேறு. ஒரு பொறுப்பைத் தோற்றத்தைக் காரணம் காட்டிப் பறித்திருக்கிறார், அதையும் உங்கள் நன்மைக்காக என்று சொல்லி. 'அங்கே காற்று நன்றாக வரும்' என்று நீங்கள் சொன்னதும் இப்படிப்பட்டதுதான். இந்தக் குரலை உங்களைவிட யாரும் சுலபமாக அடையாளம் காண முடியாது.

இதுவரை நடந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் சொன்னது, என்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள். தோல் மருத்துவரிடம் இது தொற்றாது என்று ஒரு வரிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக எல்லோரிடமும் உங்கள் தோலை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இல்லை. பிறகு தலைமையாசிரியரைத் தனியாகச் சந்தித்து, முன்மேசை வேலை திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்புங்கள்: 'இன்று பேசியபடி…' என்று தொடங்கினால் போதும். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் இப்படிப்பட்ட காரணத்தை எழுத்தில் சொல்ல யாரும் விரும்புவதில்லை. தீரவில்லை என்றால் ஆசிரியர் சங்கம், அடுத்து வேலைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர். தோற்றம், நோய் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்பதைப் பொறுத்தும் மாறும். முறையிடுவதற்குக் காலக்கெடுவும் இருக்கலாம், ஆகவே ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஆபத்தும் உண்டு: முணுமுணுப்பு வரும், உறவு கசக்கலாம், வேறு வேலைகள் தலையில் கட்டப்படலாம். அதனால்தான் முதல் சந்திப்புக்கு முன்பே நம்பிக்கையான ஒரு சக ஆசிரியரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள் என்கிறேன்.

நோட்டை வேறு யாராவது திருத்தட்டும் என்ற பெற்றோர் பற்றி நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதவே இல்லை. கொடுத்துவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கி நீங்களே திருத்துங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பெற்றோர் வந்து நின்றபோதும் நீங்கள் சரி என்றுதான் சொன்னீர்கள்.